கடைசியாகச் சோறு இறங்கிய நாள்

1. திரும்பி வந்த கவர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு ஒரு கவர் திரும்பி வந்தது. நான் அனுப்பிய கவர்தான். முகவரிக்குக் குறுக்கே தபால்காரர் சிவப்பு மையில் 'குடி மாறிவிட்டார்' என்று எழுதியிருந்தார்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்தேன். கூடுதல் பொறுப்பாகப் புற்றுநோய்ப் பதிவேடு. கூடுதல் பொறுப்பு என்றால் சம்பளம் அப்படியே இருக்கும், பொறுப்பு மட்டும் கூடும். புற்றுநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: பெயர், வயது, வசிக்கும் ஊர், எந்த உறுப்பு, எந்த ஸ்டேஜ், அறிகுறி தொடங்கிய தேதி, பயாப்ஸி எண். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து எழுத வேண்டும். இந்தப் படிவங்களை வைத்துத்தான் மாநில அலுவலகத்தில் வரைபடம் போடுவார்கள். எந்தப் பகுதியில் எந்தப் புற்றுநோய் அதிகம், எங்கே நோயாளிகள் அதிக காலம் பிழைக்கிறார்கள் என்று ஊர் ஊராகச் சாயம் பூசுவார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இந்த வேலையைக் குமாஸ்தா வேலை என்று நினைத்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திரும்பி வந்த கவர் சூசை என்பவருக்கானது. வயது ஐம்பத்து மூன்று. சோறு விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறது என்று வந்தவர். எண்டோஸ்கோப்பி செய்து சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு உணவுக்குழாய்ப் புற்றுநோய். முடிவு வாங்க அவர் வரவில்லை.

பதினொரு மணிக்கு எங்கள் சர்ஜன் நேராக என் அறைக்கு வந்தார். அவர் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு வருவது வருஷத்தில் ஒரு தடவை, அதுவும் இன்ஸ்பெக்ஷன் அன்று.

"எஸ்தர் மேடம், அந்த சூசை எங்க?"

"மூணு லெட்டர் போட்டாச்சு சார். எட்டாம் நாள், இருபத்திரண்டாம் நாள், முப்பத்தாறாம் நாள். விதிப்படி."

"லெட்டர் எங்கன்னு கேக்கல. ஆள் எங்க?"

அவர் நாற்காலியில் உட்காராமலே சொன்னார். ஸ்கோப் போட்ட அன்று கட்டியைத் தாண்டிக் குழாய் போயிருக்கிறது. கட்டி கீழ்ப்பகுதியில், சிறியதாக. ஆள் உடம்பில் தெம்பு இருக்கும்போது வந்தால் கீமோவும் கரண்ட் என்கிற கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு ஆபரேஷன் பண்ணலாம். "தண்ணியும் இறங்காத நிலைமையில கொண்டுவந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வயித்துல ட்யூப் வச்சு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஏற்கெனவே ஆறு வாரம் போயிடுச்சு."

அவர் போன பிறகு ஃபைலைத் திறந்தேன். மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை என்றால் 'தொடர்பு இல்லை' என்று எழுதி மூடிவிடலாம். விதி அதுதான். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

2. மீன் தின்பவர்கள் சாவதில்லை

அன்று மதியமே மாநில அலுவலகத்திலிருந்து ஒரு இளம் டாக்டர் போன் பண்ணினார். நல்ல பையன். புள்ளிவிவரம் படித்தவர், கடலைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பகுதி வரைபடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம். தூத்துக்குடி டவுனில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் குவிந்து கிடக்கிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

"இருக்குற ஒண்ணு ரெண்டு பேரும் சாகவே இல்ல மேடம். மீன் காரணமா இருக்குமா? ஒரு பேப்பர் எழுதலாம்னு பாக்குறேன்."

டவுன்காரர்கள் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார்களா, புகையிலை அதிகமா, துறைமுகத் தூசியா என்று வரிசையாகக் கேட்டார். கேள்விகள் எல்லாம் நியாயமானவை. இந்த நோய் உலகத்திலேயே ஊருக்கு ஊர் மாறுகிற நோய். ஓர் இடத்தில் கூட்டமாக வரும், பக்கத்து மாவட்டத்தில் தேடினாலும் கிடைக்காது. புகையிலை, சாராயம், அதிகச் சூடு, காய்கனி இல்லாத சாப்பாடு என்று எத்தனையோ காரணம் சொல்வார்கள். காரணம் தேடுவது அவர் வேலை. எண்ணிக் கொடுப்பது என் வேலை.

நான் மேசையில் கிடந்த கவரைப் பார்த்தேன். சூசையின் முகவரி டவுனில் ஒரு தெரு. அவருடைய தொழில் என்ற கட்டத்தில் 'மீன்பிடி, பைபர் படகு' என்று என் கையெழுத்தே சொன்னது. அந்தத் தெரு கடலிலிருந்து தூரம். பைபர் படகுக்காரர் ஒருவரும் அங்கே குடியிருக்க வாய்ப்பில்லை.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் என்று சொன்னால் கவுண்டரில் 'உங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி ஒரு விதி இல்லை. எப்போதோ ஒரு கவுண்டர் ஆள் யாரிடமோ எரிந்து விழுந்திருப்பார். அது கடற்கரை முழுக்கச் சட்டமாகிவிட்டது. ஆகவே சீட்டுப் போடும்போது எல்லோரும் டவுனில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மச்சான் வீடு. சாத்தான்குளத்தில் வாழ்ந்த என் மாமியாருக்கு நானே என் வீட்டு முகவரியில்தான் சீட்டுப் போட்டேன். அவரும் அந்த வரைபடத்தில் தூத்துக்குடி டவுன்தான். படிவத்தில் 'வசிப்பிடம் உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்ததும் நான்தான். பதினான்கு வருஷமாக எல்லாப் படிவத்திலும் அடித்துக்கொண்டிருந்தேன்.

சாகாததற்கும் காரணம் மீன் அல்ல. எங்கள் பதிவேட்டில் ஒருவர் இறந்தவர் ஆக வேண்டுமென்றால் யாராவது வந்து இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும், அல்லது அந்தப் பெயரில் ஒரு சான்று கிடைக்க வேண்டும். கடிதத்துக்குப் பதில் போடாதவர் கடைசியாக எங்களைப் பார்த்த நாள்வரை உயிரோடிருந்தார் என்று நிற்பார். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று வரைபடம் கேட்காது.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். மீனைப் பத்தி இப்ப எழுதாதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

3. பிரிட்ஜ் மேல்

ஃபைலில் இருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து அந்தத் தெருவுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண் கொற்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம். மூன்று மாதத்துக்கு முன்புதான் குடிவந்தாளாம். அதாவது சூசை எங்களிடம் முகவரி கொடுத்த அன்றே அந்த வீட்டில் அவருடைய ஆள் யாரும் இல்லை.

"முன்ன இருந்தவிய திருப்பூருக்குப் போயிட்டாவ. மருமவனுக்கு அங்கன வேலை" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி உள்ளே போய், பிரிட்ஜ் மேலிருந்து இரண்டு கவர்களை எடுத்து வந்தாள். என் கையெழுத்து. முதல் கடிதமும் இரண்டாவதும்.

"ஆஸ்பத்திரி சீல் இருந்துச்சா, பிரிச்சா பாவம்னு அப்படியே வச்சிருக்கேன். யாராவது தேடி வருவாவன்னு பாத்தேன். நீங்கதான் வந்திருக்கிய."

அவள் தப்பு ஒன்றும் இல்லை. என்னைவிட அவள் அந்தக் கடிதங்களை மரியாதையாக வைத்திருந்தாள். முன்பு இருந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் எது என்று கேட்டேன். சாமான் ஏற்ற அவருடைய தம்பி வந்திருந்தாராம். "ஒல்லியா, நெடுக இருப்பாரு. டீ குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு" என்று சொல்லி, ஊர்ப் பெயரையும் சொன்னாள்.

அந்த ஊர் பெரியதாழைக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு மீனவர் ஊர். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊரில் பெண் எடுக்க யோசிப்பார்கள். ஒரு வியாதி எந்த ஊரில் எத்தனை என்று தெரிந்துகொள்வது அரசுக்கு உதவும், அந்த ஊர்க்காரருக்கு உதவாது என்பதும் இந்த வேலையில் கற்றதுதான்.

4. எந்தச் சூசை

ரெக்கார்ட்ஸ் பிரிவு ஆள் வெளியூர் போய் நோயாளியைத் தேட அனுமதி வேண்டும். அனுமதிக்குக் குறிப்பு எழுதி அது மேலே போய்க் கீழே வர மூன்று வாரம். நான் அந்தக் குறிப்பைப் பல பேருக்குத் திருத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதவில்லை. மறுநாள் புதன்கிழமைக்குச் தற்செயல் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஆறுமுகநேரி உப்பளங்கள் கண்ணைக் கூச வைத்தன. கைப்பையில் மூன்று கவர்களும் இருந்தன. நாற்பத்து நான்காம் நாள் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. திருச்செந்தூரில் பஸ் மாற அரை மணி நேரம் நின்றேன். அந்த அரை மணி நேரத்தில் அவருக்குத் தண்ணீர் இறங்குவதும் நின்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஊரில் கோயில் திருவிழாவுக்கு வேலை நடந்தது. கொடிமரத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஆட்களிடம் சூசை வீடு எது என்று கேட்டேன்.

"எந்தச் சூசை?" என்றார் ஒருவர், தலை நிமிராமல்.

"வயசு ஐம்பத்தி மூணு."

"வயசு யாருக்குத் தெரியும்? ஏழு சூசை கெடக்கான். படகு பேரு சொல்லுங்க."

என் படிவத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். படகின் பெயருக்குக் கட்டம் இல்லை.

இன்னொருவர் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்றேன். கணக்கெடுப்பா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்கு என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நோயாளியின் வியாதியை மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. நானே வகுப்பெடுத்த விதி. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சூசையெல்லாம் கடலுக்குப் போயிருக்கான், சாயந்திரம் வாங்க" என்று ஒருவர் முடித்துவைத்தார். பின்னால் ஒரு குரல், "ஏலே, ஏழு பேருமா போயிருக்கான்?" என்றது. சிரித்தார்கள். வலை ஊசி மறுபடி ஓட ஆரம்பித்தது.

சற்றுத் தள்ளி ஒரு பெண் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். பெயரைக் கேட்டுப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. வியாதியையும் சொல்லக் கூடாது. வேறு என்ன கேட்பது என்று யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"இந்த ஊர்ல சோறு இறங்காம கஷ்டப்படுறவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் கை நிற்கவில்லை. கருவாட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"இருக்காவளே. ஐஸ் சூசை கஞ்சிதான் குடிக்கான். நம்ம தெரசக்கா இருக்கா, அவளுக்கு இப்ப தண்ணியும் நிக்கி. குருசுமிக்கேல் அண்ணன் போன தவக்காலத்துல போயிட்டாரு, பாவம், கடைசில எச்சிலக்கூட முழுங்க மாட்டாரு." பிறகு என்னை முதல் தடவையாகப் பார்த்தாள். "நீங்க யாரக் கேட்டு வந்திய?"

நான் ஒருவரைத் தேடி வந்திருந்தேன். மூன்று பேர் கிடைத்தார்கள். என் பதிவேட்டின்படி அந்த ஊரில் ஒருவர்கூட இல்லை.

5. அரை டம்ளர்

ஐஸ் சூசை என்றால் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அந்த வேலை. சீட்டில் பழைய தொழிலையே சொல்லியிருந்தார். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, நெடுக. குசினியில் அவர் மனைவி லூர்து கஞ்சியைத் துணியில் வடித்துக்கொண்டிருந்தாள். முதலில் சோறு, பிறகு குழைந்த சோறு, பிறகு இட்லி, இப்போது வடித்த கஞ்சி. படிப்படியாக இறங்கியதை அவர்கள் யாரும் வியாதி என்று நினைக்கவில்லை. லேசான சாப்பாடு நல்லது என்று நினைத்தார்கள்.

முடிவு வாங்க ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஏதாவது இருந்தா கடுதாசி போடுவோம்னு சொன்னாவ. அக்கா வீடு மாறிப் போனாலும் தபால்காரர் எப்படியும் சேத்துருவாருன்னு இருந்தேன். கடுதாசி வரல. அப்ப ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஆறு வாரமாக வைத்திருந்த நிம்மதி.

கைப்பையைத் திறந்து மூன்று கவர்களையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அவர் மேலே எழுதியிருந்த முகவரியைப் படித்தார். அக்கா பெயரைப் படித்தார். உள்ளே இருந்ததை லூர்து வாங்கிப் படித்தாள். மருத்துவமனைக்கு உடனே வரவும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி இறங்குதா?" என்று கேட்டேன்.

"இறங்குமே."

"எனக்கு முன்னால குடிச்சுக் காட்டுங்க."

லூர்து அரை டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். நெஞ்சு நடுவில் கை வைத்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரைப் பார்க்கத் தைரியம் இல்லை. இன்னொரு வாய். கண் கலங்கியது. விழுங்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது வாயில் தோளை ஒரு பக்கம் சாய்த்தார், குழாயில் அடைப்பை விலக்குகிற மாதிரி. அரை டம்ளர் தண்ணீருக்கு நான்கு நிமிஷம் ஆனது. ஆனால் இறங்கியது. வெளியே வரவில்லை. என் ரவிக்கை முதுகில் நனைந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். என்ன வியாதி, எப்படி வைத்தியம், ஏன் நாள் கடத்தக் கூடாது என்று சர்ஜன் சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தெளிவாகச் சொன்னார்: "நாளைக்குக் கொடியேத்தம். கொடி ஏறிட்டா பத்து நாளு ஊர விட்டுப் போறதில்ல மேடம். எங்க அப்பா காலத்துலருந்து நேர்ச்சை. அசனம் முடிஞ்சு மறுநாள் வாரேன்."

அசனம் என்றால் திருவிழாவின் கடைசியில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் கறிச்சோறு. நாசரேத்தில் பிறந்த எனக்கு அதன் வலிமை தெரியும். எங்கள் சபையிலும் அசனம் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன்கூட அதற்கு வந்து இலையில் உட்காருவான். பத்து நாள் என்பது சர்ஜன் சொன்ன கணக்கில் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கு நேர்ச்சை தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நான் சொல்லி எடுபடாத இடம் அது.

லூர்து குசினி வாசலில் கஞ்சித் துணியைப் பிழிந்துகொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அசனத்துச் சோறு உமக்கு இறங்குமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னீரு. இந்த வருஷம் இலைக்கு முன்னால சும்மா உக்காந்து என்ன செய்யப் போறீரு? அத்தனை பேரும் பாக்கதுக்கா?" பிறகு என்னிடம் திரும்பினாள். "காலைல முதல் பஸ்ஸுக்கு வாரோம். தெரசக்காவையும் கூட்டிட்டு வரலாமா?"

அவர் ஜன்னல் வழியே கொடிமரத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அந்த மூன்று கவர்களையும் நேராக அடுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கோயிலில் நின்றேன். கோயில்பிள்ளை, அதாவது கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், இறந்தவர்களை அடக்கம் செய்த நோட்டைக் காட்டினார். குருசுமிக்கேலுக்கு நேரே 'தொண்டை அடைப்பு' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலேயும் அதே வார்த்தை சில இடங்களில் இருந்தது. நான் ஒரு விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். எங்கள் படிவம் போட்ட யாரும் எண்ணாத ஆட்கள். எங்களுக்கு முன்பே கோயில்பிள்ளை எண்ணி வைத்திருக்கிறார்.

6. மோசமான ஊர்

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அதற்கு முன் எட்டிலிருந்து ஒன்பது வரை நான் ஓ.பி. வாசலுக்கு ஐந்து தடவை போய் வந்ததை அட்டெண்டர் எண்ணியிருக்கிறார். "யார மேடம் தேடுதிய, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?" என்று கேட்டார்.

சூசைக்குக் கீமோவும் கரண்ட்டும் கொடுத்து, உடம்பு தேறக் காத்திருந்து, ஆபரேஷன் செய்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் எடை குறைந்ததா என்று நான் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அது என் வேலையில் சேராது. ஆபரேஷன் அன்று ஐந்து படிவங்களில் தேதி தப்பாக எழுதினேன். அடித்துத் திருத்தியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

தெரசம்மாளுக்கு சர்ஜன் முன்பு சொன்ன மாதிரி வயிற்றில் ட்யூப்தான் வைக்க முடிந்தது. இரண்டு மாதம் இருந்தார். எப்போது சோறு இறங்காமல் போனது என்று நான் கேட்டபோது தேதி சொல்லத் தெரியவில்லை. "போன அசனத்துல தின்னேன். கிறிஸ்மஸுக்கு இறங்கல" என்றார். இத்தனை துல்லியமான பதிலை நான் அதுவரை எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. 'அறிகுறி தொடங்கிய தேதி' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'சுமார் இரண்டு மாதம்' என்று எழுதி வைத்திருந்தேன். கவுண்டரில் எல்லோரும் சொல்லுகிற கணக்கு அது. தெரசம்மாளுக்கு இரண்டு மாதம் அல்ல, பல மாதம். அந்த மாதங்களில்தான் அவர் உயிர் இருந்தது.

அதற்குப் பிறகு ஓ.பி. கவுண்டரில் ஒரு கேள்வியைச் சேர்க்க வைத்தேன். ஊர் எது என்று கேட்டால் அக்கா வீட்டைச் சொல்வார்கள். ஆகவே, "அசனம் எந்த ஊர்ல சாப்பிடுவீங்க?" என்று கேட்கச் சொன்னேன். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களிடம் கொடை, அதாவது கோயில் திருவிழா, எந்த ஊரில், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களிடம் எந்த ஜமாத். முகவரியில் பொய் சொல்லுகிற ஒருவரும் இதில் பொய் சொல்லவில்லை. கவுண்டர் பெண் முதலில், "மேடம், சாப்பாட்டுக்குக் கூப்பிடுறோம்னு நினைக்காங்க" என்று புகார் சொன்னாள். நினைக்கட்டும் என்றேன். கூடவே, வெளியூர்க்காரரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. இல்லாத விதியை ரத்து செய்ய எனக்கு இரண்டு கமிட்டிக் கூட்டம் தேவைப்பட்டது.

பழைய படிவங்களை விடுமுறை நாட்களில் உட்கார்ந்து திருத்தினேன். கண்டுபிடிக்க முடிந்தவர்களைப் படிவத்தில் அவரவர் ஊருக்கு அனுப்பினேன். இறந்தவர்களை இறந்தவர்களாக எழுதினேன். என் மாமியாரைச் சாத்தான்குளத்துக்கு அனுப்பினேன். உயிரோடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்த வரைபடம் வந்தபோது டவுனின் சாயம் வெளுத்திருந்தது. தெற்குக் கரை கருத்திருந்தது. மாநில அலுவலகத்து டாக்டர் பதறிப்போய் போன் செய்தார்.

"மேடம், கடற்கரைல திடீர்னு கூடியிருக்கு. பிழைக்கிற காலமும் சரிஞ்சிருக்கு. அந்த ஊர்கள்ல இந்த வருஷம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல டாக்டர். போய்ப் பாத்தோம்."

அவர் மீன் பேப்பரை எழுதவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்ல பையன் என்று முதலிலேயே சொன்னேன். நெல் விளையும் ஆற்றங்கரை ஊர்களுக்கும் கடற்கரைக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கலாம். புகையிலையோ, சூடோ, வேறு எதுவோ. அதைக் கண்டுபிடிக்க இனிமேல்தான் ஆரம்பிக்க முடியும். ஆனால் யார் அதிக நாள் பிழைக்கிறார்கள் என்பதில் பெரும்பகுதி, சோறு நின்றதற்கும் சீட்டுப் போட்டதற்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான். அந்த நாட்கள் பஸ் வசதிக்கும் பயத்துக்கும் முகவரிக்கும் ஏற்ப ஊருக்கு ஊர் மாறுகின்றன.

7. இந்த வருஷத்துப் போன்

சூசைக்கு ஒவ்வொரு வருஷமும் குறிப்பிட்ட தேதியில் நான் போன் செய்வேன். இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார். என் குரல் கேட்டதும், "இன்னும் சாகல மேடம், எழுதிக்கிடுங்க" என்பார். நான் 'உயிரோடு' என்று எழுதிக்கொள்வேன்.

இந்த வருஷம் நான் வேலையில் இல்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது. என் இடத்துக்கு வந்த பெண் திறமையானவள், அவளே போன் செய்வாள். இருந்தாலும் தேதி வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. காலை பதினொன்றரைக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு அடித்தேன். மணி முழுதாக ஒலித்து நின்றது. லூர்துவின் எண்ணுக்கு அடித்தேன். அதுவும் அப்படியே. புதிய பெண்ணுக்கு போன் செய்தேன். அவள் காலையிலிருந்து மூன்று தடவை முயன்றிருக்கிறாள். "லெட்டர் போடட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

"போடாத" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டரைக்குச் சேலை மாற்றிக்கொண்டேன். இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் நான்கரைக்குள் போய்விடலாம். இந்த வியாதி சில பேருக்குத் திரும்பி வரும், எனக்குத் தெரியும். எத்தனை ஃபைல்களில் அதை என் கையால் எழுதியிருக்கிறேன். மாத்திரை டப்பாவைப் பையில் போட்டேன். குடை எடுத்தேன். செருப்பில் ஒரு கால் நுழைத்தபோது போன் அடித்தது.

பின்னால் மைக் செட் சத்தமும் பாத்திரச் சத்தமும் ஒரே இரைச்சல்.

"மேடம், கூப்டீங்களா? அசனத்துல உக்காந்திருந்தேன். வீட்டுக்காரியும் பந்தில விளம்பிட்டு நின்னா. எனக்குக் கொஞ்சங் கொஞ்சமா, நிமிந்து உக்காந்து, மெதுவாத்தானே திங்கணும். ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்குப் பொறவு உக்காந்தவன்லாம் கைகழுவிட்டுப் போயிட்டான்."

"இறங்குச்சா?"

"இலைய மடக்கிட்டுத்தான் பேசுதேன்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். புதிய பெண்ணை அழைத்து, உயிரோடு என்று எழுதச் சொன்னேன். எப்படி உறுதி செய்தீர்கள் என்று கேட்டாள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. கடிதம், போன், நேரில் என்று மூன்று விடைகள். போன் என்று டிக் அடி, ஆனால் அடுத்த வருஷம் ஒரு தடவை நேரில் போய்ப் பார் என்றேன். பஸ் நேரமும் சொன்னேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கட்டத்தை நிரப்புங்கள், நிரப்பாமல் வேலை இல்லை. ஆனால் டிக் அடிக்கும் முன் அந்த ஊரில் ஒருவரிடமாவது சோறு இறங்குகிறதா என்று கேட்டுவிடுங்கள்.